கரையில் நின்று பார்த்த சுறா

1

குன்றாண்டார்கோவிலில் கடல் கிடையாது. மாவட்டத்துக்குக் கடல் உண்டு. கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று பாக் நீரிணையை ஒட்டி அது தெற்கே போகிறது. எங்கள் ஊர் மாவட்டத்தின் வடக்குப் பக்கம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறி, நூறு கிலோமீட்டர் அளவுக்குப் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை டிவிஎஸ் 50-ல் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வரும் மீன்காரர்தான் எங்களுக்குக் கடல்.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது லோக்கல் கேபிளில் ஒருநாள் மத்தியானம் 'ஜாஸ்' போட்டார்கள். தமிழ் டப்பிங். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வழக்கம்போல வயக்காட்டுக் கிணற்றுக்குப் போனோம். ஒருத்தனும் குதிக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து பச்சைத் தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கெணத்துக்குள்ள எப்படிடா சுறா வரும்?"

"வராதுன்னா நீ மொதல்ல குதி பாப்போம்."

யாரும் குதிக்காமலேயே வீட்டுக்குப் போனோம். இந்தக் கதையை ஆபீஸில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பதற்காகவே சொல்வேன். அதன் மீதிப் பாதியை மட்டும் சொல்லமாட்டேன். அன்றைக்குப் படிக்கட்டில் இருந்தவர்களில் ஒருவன், இரண்டு வருசம் கழித்து, வேலை நின்றுபோன ஒரு கல்குவாரியில் தேங்கியிருந்த மழைத்தண்ணியில் இறந்துபோனான். அந்தக் குவாரியில் குதிக்க எங்களில் யாருக்கும் பயம் இருந்ததே இல்லை.

கடற்கரையில் குளிப்பவருக்குச் சுறாவால் எவ்வளவு ஆபத்து என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: மிக மிகக் குறைவு. இந்தப் பதில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பயம் போவதில்லை. ஏனென்றால் நம் பயங்களை எண்ணிக்கைகள் உண்டாக்கவில்லை, கதைகள் உண்டாக்கின. அதனால் கதைகளைத்தான் விசாரிக்க வேண்டும். சுறா வரும் நான்கு கதைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு படம், ஒரு சங்கப் பாட்டு, ஒரு வரலாற்றுக் குறிப்பு, ஒரு நாவல். (விஜய்யின் 50-வது படமான 2010-ன் 'சுறா'வை விட்டுவிட்டேன். அங்கே சுறா என்பது கதாநாயகனின் பெயர்.)

2

பீட்டர் பெஞ்ச்லியின் நாவல் 1974-ல் வந்தது. ஸ்பீல்பெர்க்கின் படம் 1975-ல். இரண்டுக்கும் பின்னால் 1916-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி கடற்கரையில் உண்மையிலேயே நடந்த ஒரு சம்பவத்தின் நிழல் இருக்கிறது. ஜூலை மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களில் ஐந்து பேர் கடிபட்டு, நால்வர் இறந்தார்கள். அவர்களில் இருவர் கடிபட்டது கடலில் அல்ல, மடாவன் என்ற ஊரின் ஓடையில். காளைச்சுறா உப்புத்தண்ணியிலிருந்து நல்ல தண்ணிக்குள் ஏறி வரக்கூடியது. அப்படிப் பார்த்தால் எங்கள் கிணற்றுப் பயம் முழுப் பைத்தியக்காரத்தனம் இல்லை. கிணற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஆறு இல்லை, அவ்வளவுதான்.

'ஜாஸ்' படத்தின் சுறா ஒரு இயந்திரம். உப்புத்தண்ணியில் அது அடிக்கடி பழுதானது. அதனால் இயக்குநர் அதைக் காட்டாமலேயே படம் எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பதிலாக ஜான் வில்லியம்ஸின் இரண்டே ஸ்வரங்கள். படம் முழுக்க நாம் பயப்படுவது தண்ணீரின் மேல்பரப்பைப் பார்த்துத்தான். கீழே ஏதோ இருக்கிறது என்பதே போதும். பெரிய சினிமாப் பாடமாக இதைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் அதன் ஒரு விளைவு என்னவென்றால், அந்தச் சுறாவுக்குக் கடல் வேண்டியதில்லை. தண்ணி எங்கே அடி தெரியாமல் இருக்கிறதோ அங்கே எல்லாம் அது வந்துவிடும். எங்கள் கிணற்றுக்குள் அது இறங்கிய வழி இதுதான்.

வளர்ந்தபிறகு திரும்பப் பார்த்தபோது படத்தில் வேறொன்று தெரிந்தது. முதல் சாவு நடந்ததுமே போலீஸ் அதிகாரி பிராடி கடற்கரையை மூட நினைக்கிறார். மேயர் விடவில்லை. ஜூலை 4 வருகிறது, சுற்றுலாக் கூட்டம் வரவேண்டும், ஊர் பிழைப்பதே அதில்தான். முதல் சாவைப் படகு விபத்து என்று மாற்றி எழுதுகிறார்கள். அடுத்து ஒரு சிறுவன் சாகிறான். அவன் அம்மா கறுப்பு உடையில் துறைக்கு வருகிறாள். எல்லோர் முன்னாலும் பிராடியின் கன்னத்தில் அறைகிறாள். உங்களுக்கு முன்பே தெரியும், தெரிந்தும் என் பிள்ளையைக் குளிக்க விட்டீர்கள் என்கிறாள்.

என்னைப் பொறுத்தவரை படத்தின் மையம் அந்த அறை. அறை வாங்க வேண்டியவர் மேயர், வாங்குகிறவர் பிராடி. இருந்தாலும் அறைவதற்கு ஒரு முகமாவது அங்கே இருந்தது. ஆபத்து பற்றி ஒருவருக்குத் தெரிந்திருந்தது, அதை மறைப்பதால் இன்னொருவருக்கு லாபம் இருந்தது என்ற கணக்கு அந்த ஒரு காட்சியில் வெட்டவெளிச்சமாகிறது.

ஆனால் படம் அந்த இடத்தில் நிற்கவில்லை. மூன்று ஆண்களைப் படகில் ஏற்றிச் சுறா வேட்டைக்கு அனுப்பிவிடுகிறது. ஒருவர் போலீஸ், ஒருவர் உயிரியல் படித்தவர், ஒருவர் மீனவர். செத்துப்போவது மீனவர் குவின்ட் மட்டும். கடலைத் தொழிலாக அறிந்த ஒரே ஆளைப் படம் பாதிக் கிறுக்கனாகக் காட்டி, சுறாவின் வாயில் கொடுத்துவிட்டு, தண்ணியைக் கண்டாலே பயப்படும் போலீஸை நாயகனாக்கிக் கரைசேர்க்கிறது. மேயர் கதை என்ன ஆச்சு? 1978-ல் வந்த இரண்டாம் பாகத்திலும் அவரேதான் மேயர். இணையத்தில் இதை வைத்து மீம் போடுகிறார்கள். சுறா ஒரு வில்லனாகக் கிடைத்துவிட்டால் மேயர்களுக்கு எப்போதும் இன்னொரு தவணை உண்டு என்பதுதான் அந்த மீமின் கசப்பு.

3

இனி எண்ணிக்கை. ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உலகச் சுறாத் தாக்குதல்களின் பதிவேடு ஒன்றைப் பராமரிக்கிறது. அதன்படி சுறா தானாக வந்து கடித்ததாக உறுதியானவை 2024-ல் உலகம் முழுக்க 47. அவற்றில் இறந்தவர்கள் 4 பேர். சில வருடங்களில் இது 60, 70 வரை போகும். இருக்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சுறா இனங்களில் பெரும்பாலான பெரிய தாக்குதல்களுக்குக் காரணம் மூன்றே: வெள்ளைச் சுறா, புலிச்சுறா, காளைச்சுறா. பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2021-ல் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3,00,000 பேர். இந்தியாவில் மட்டும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022-ல் 38,000-க்கு மேல்.

சில இடங்களில் ஆபத்து நிஜமாகவே கூடியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரேசிலின் ரெசிஃபே நகரக் கடற்கரையில் 1992-லிருந்து திடீரென்று தாக்குதல்கள் தொடங்கின. பக்கத்தில் சுவாப்பே துறைமுகத்தைக் கட்டி முகத்துவாரங்களை மாற்றியதை ஆய்வாளர்கள் முக்கியமான காரணமாகச் சொல்கிறார்கள். சுறா மனம் மாறிவிடவில்லை. அதன் வழியை நாம் மாற்றினோம்.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த எண் எதையெல்லாம் எண்ணவில்லை என்று பார்ப்போம். இந்தப் பதிவேடு கடிகளை இரண்டாகப் பிரிக்கிறது. சுறா தானாகக் கடித்தது ஒன்று. மனிதர் தூண்டியதால் கடித்தது மற்றது. தூண்டில் முள்ளிலிருந்து சுறாவைக் கழற்றும்போது கடித்தால், வலையிலிருந்து எடுக்கும்போது கடித்தால், அது இரண்டாம் வகை. நாம் செய்தியில் வாசிக்கும் தலைப்பு எண்ணில் அது வராது. சுறாவின் இயல்பை ஆராய்கிறவர்களுக்கு இந்தப் பிரிவு தேவைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் விளைவைப் பாருங்கள். குளிக்கப் போனவரின் காயம் கணக்கில் உண்டு. பிழைக்கப் போனவரின் காயம் அடிக்குறிப்பில் உண்டு.

நம் கரையில் குளிக்கப் போனவரைச் சுறா கடித்தது என்ற செய்தி அபூர்வம். மெரினாவில் உயிர்களை எடுப்பது உள்ளிழுக்கும் நீரோட்டமும் அலையும். 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் ஒருவரின் காலைச் சுறா கடித்த செய்தி வந்தது. இடம், கடற்கரை கிடையாது. வைதர்ணா ஆறு. அவர் போனது மீன் பிடிக்க. ஆக 'குளிக்கும் கடற்கரைக்குப் பக்கத்தில் சுறா' என்ற கேள்வியே கரையில் துண்டு விரித்துப் படுத்திருப்பவரின் கேள்வி. தண்ணிக்குள் வேலை பார்ப்பவரின் கேள்வி வேறு. அது நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது.

4

குறுந்தொகையின் 269-ஆம் பாட்டு. கல்லாடனார் பாடியது. நெய்தல். தலைவன் வேலிக்கு வெளியே நிற்கிறான். அவன் காதில் விழட்டும் என்று தலைவி தோழியிடம் பேசுகிறாள். நீண்ட வழியைச் சோராமல் விரைந்து போய் அவரிடம் சேதி சொல்ல யாராவது கிடைத்தால் நன்றாயிருக்குமே என்கிறாள். என்ன சேதி? சுறா தாக்கிய புண் ஆறி அப்பா மறுபடி கடலுக்குப் போய்விட்டார். உப்பைக் கொடுத்து நெல் வாங்க அம்மா உப்பளத்துக்குப் போய்விட்டாள். வீட்டில் யாரும் இல்லை. இப்போது வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவுதான் பாட்டு. சுறா ஒருவரைத் தாக்கியிருக்கிறது. அவர் பல நாள் படுத்திருக்கிறார். இன்றைக்கு இருந்தால் தலைப்புச் செய்தி, ட்ரோன் கேமரா, பின்னணி இசை. பாட்டிலோ அந்தத் தாக்குதலுக்குக் கிடைப்பது ஒரு பெயரெச்சம். புண் ஆறியதற்கு ஒரு வினையெச்சம். வாக்கியத்தின் முற்று வினை, அப்பா கடலுக்குள் புகுந்தார் என்பது. இலக்கணமே இங்கே மதிப்பீடு செய்கிறது. கடித்தது நடந்தது, ஆறியதும் நடந்தது, ஆனால் சொல்ல வந்த செய்தி வேலைக்குப் போனது.

இதை வீரம் என்று வாசிக்கிறவர்கள் உண்டு. தமிழன் சுறாவுக்கு அஞ்சாதவன் என்று மேடையில் பேச வசதியாக இருக்கும். எனக்கு அப்படித் தெரியவில்லை. உப்பை விற்றால்தான் நெல் என்கிற வீடு அது. அம்மா போனது எதற்கோ அதற்காகத்தான் அப்பாவும் போயிருக்கிறார். மகளின் குரலில் பெருமையும் இல்லை, பதற்றமும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் அப்பாவின் புண் அவளுக்கு ஒரு இடைஞ்சல். அவர் வீட்டிலேயே கிடந்த நாளெல்லாம் காதலனைச் சந்திக்க முடியவில்லை. இன்றைய மொழியில் சொன்னால் அப்பா மெடிக்கல் லீவ் முடிந்து ட்யூட்டியில் சேர்ந்துவிட்டார், அவ்வளவுதான். மேலே சொன்ன பதிவேட்டில் அவருடைய காயத்துக்குத் தலைப்பு எண்ணில் இடம் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

பட்டினப்பாலையில் இதன் இன்னொரு பக்கம் இருக்கிறது. முழுநிலா நாளில் பரதவர் கடலுக்குப் போவதில்லை. சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை ஏற்றி வழிபட்டு, தாழம்பூச் சூடி, கள் குடித்து ஆடுகிறார்கள். கொம்பு என்றால் பக்கமெல்லாம் பல் வைத்த நீண்ட மூக்கு, இன்று வேளா என்று நாம் சொல்லும் மீனுடையது என்று கொள்ளலாம். பயந்தும், பிடித்தும், தின்றும், கும்பிட்டும் வாழ்ந்த ஒரு உறவு அது. ஒற்றை உணர்ச்சிக்குள் அடங்காதது. நெய்தல் பாட்டுகளில் சுறா திரும்பத் திரும்ப வருகிறது. எங்கேயும் அது அரக்கன் இல்லை. பக்கத்து வீட்டு முரடன் மாதிரி, ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய ஒரு சக ஜீவன்.

5

பயத்தைத் தொழிலாக்கிய கதை அதற்கப்புறம் வருகிறது. மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபங்களில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். அவர் வராமல் குளியாட்கள் இறங்கமாட்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் முடிவில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இதைச் சொல்லியிருக்கிறார். கட்டுகிறவர்களுக்குக் கூலி, எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு. கூடவே இன்னொரு தகவல். மந்திரம் பகலுக்கு மட்டும்தான். சாயங்காலம் அதை அவிழ்த்துவிடுவார்கள். ராத்திரியில் யாரும் திருட்டுத்தனமாக இறங்கி முத்தெடுக்கக் கூடாது அல்லவா.

இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். அபாரமான சிஸ்டம். பகலில் பயத்தை நீக்க ஒரு கட்டணம், இரவில் அதே பயம் சம்பளமில்லாத காவலாளி. சுறாவுக்கு இதில் வேலையே இல்லை. அது கடலில் தன் பாட்டுக்கு இருந்தால் போதும்.

ஐந்தரை நூற்றாண்டு கழித்து ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, இலங்கையைப் பற்றி 1859-ல் வெளியிட்ட புத்தகத்தில் கடல்கட்டி இன்னும் இருக்கிறார். வேலை பரம்பரையாக வருகிறது. அப்போதைய குடும்பத் தலைவர் ரோமன் கத்தோலிக்கர், அதனால் மந்திரத்துக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. டெனன்ட் போன நேரத்தில் அவருக்கு உடம்பு சரியில்லை. பதிலாக ஒரு ஆளை அனுப்பியிருந்தார். அந்த ஆள் சொன்ன விளக்கம்: எனக்கு அந்த ரகசிய மந்திரம் தெரியாது, ஆனால் அவருடைய பிரதிநிதி நான் என்பதைச் சுறாக்கள் மதிக்கும்.

அதே பக்கங்களில் டெனன்ட் ஒரு உண்மையைப் பதிவுசெய்கிறார். பிரிட்டிஷார் கைக்கு இலங்கை வந்த பிறகு முத்துக்குளிப்பில் சுறாவால் நேர்ந்ததாக உறுதியான விபத்து ஒன்றே ஒன்றுக்கு மேல் இல்லை. இத்தனை படகு, இத்தனை ஆள், இத்தனை சத்தம் இருந்தால் சுறாதான் பயந்து ஓடியிருக்கும் என்று அவர் ஊகிக்கிறார். நூற்றுக்கணக்கான படகுகள், பலமுறை முங்கி எழும் ஆட்கள், சுறா நிறைந்த கடல், அரை நூற்றாண்டுக்கு மேல், ஒரு விபத்து. சுறாவின் ஆபத்தை அளக்க இதைவிடப் பெரிய சோதனையை யாரும் வேண்டுமென்றே நடத்தியிருக்க முடியாது. சலாபக் கூடாரங்களில் ஆட்களைக் கொன்றது காலரா. காலராவைக் கட்ட யாருக்கும் இருபதில் ஒரு பங்கு கொடுக்கவில்லை.

குளியாட்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்லைக் காலில் கட்டி, மூச்சடக்கி, இன்னொருவர் கயிற்றை நம்பி இறங்குகிற மனுசனுக்குத் தன் உயிரை யாரோ ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டார் என்று தெரியவேண்டும். அந்தப் பொறுப்புக்கு ஒரு முகம் வேண்டும். கடல்கட்டி அந்த முகம்.

நாமும் அந்த இடத்தைத் தாண்டிவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1937 முதல் குளிக்கும் கடற்கரைகளில் சுறா வலை போடுகிறது. வலை என்றதும் கரைக்கும் கடலுக்கும் நடுவே சுவர்போல நிற்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. அது ஒரு துண்டு வலை, மேலேயும் கீழேயும் பக்கங்களிலும் வழி உண்டு. ஆமையும் ஓங்கிலும் திருக்கையும் அதில் மாட்டிச் சாகின்றன. கணிசமான சுறாக்கள் கரைப்பக்கமிருந்து, அதாவது உள்ளே வந்துவிட்டுத் திரும்பும் வழியில் சிக்குகின்றன. வலையை எடுத்துவிடலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம், எடுத்தபிறகு ஒரு கடி நடந்தால் யார் பதில் சொல்வது என்ற கேள்வியும் வருகிறது. மந்திரம் தெரியாத அந்தப் பிரதிநிதி இப்போது நைலானில் இருக்கிறார்.

6

தகழியின் 'செம்மீன்' 1956-ல் வந்தது. தமிழில் மொழிபெயர்த்தவர் சுந்தர ராமசாமி. (சு.ரா.வுக்கும் சுறாவுக்கும் உள்ள சம்பந்தம் அதோடு முடிந்தது.) 1965-ல் ராமு காரியாட் படமாக எடுத்தார். கதை தெரிந்ததே. கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் காதலிக்கிறார்கள். அவளைப் பழனிக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். கரையில் இருக்கும் மனைவியின் கற்புதான் கடலில் இருக்கும் கணவனைக் காக்கிறது, தவறினால் கடலம்மா கொண்டுபோய்விடுவாள் என்பது நாவலைத் தாங்கும் நம்பிக்கை. கடைசி இரவில் பழனியின் தூண்டிலில் ஒரு பெரிய சுறா மாட்டுகிறது. அதே நேரத்தில் கரையில் கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் சந்திக்கிறார்கள். பழனி திரும்பவில்லை. காதலர்களின் உடல் கரையொதுங்குகிறது. முள் விழுங்கிய சுறாவும் வேறொரு கரையில் ஒதுங்குகிறது.

பெரிய நாவல் அது. அந்த முடிவின் வேகத்தில் அடித்துச்செல்லப்படாத வாசகர் குறைவு. ஆனால் குறுந்தொகைப் பாட்டைப் பக்கத்தில் வைத்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. இரண்டிலும் இருக்கும் பொருட்கள் ஒன்றே. ரகசியக் காதலில் ஒரு பெண், கடலுக்குப் போன ஒரு ஆண், ஒரு சுறா. பாட்டில் இவற்றுக்கிடையே காரண காரியத் தொடர்பு கிடையாது. மகள் யாரைச் சந்திக்கிறாள் என்று சுறாவுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அதற்கு அக்கறை இல்லை. அப்பா கடிபட்டது தொழிலால். அவள் சந்திக்கப்போவது ஆசையால். இரண்டும் ஒரே நாளில் ஒரே வீட்டில் நடக்கின்றன. நாவலிலோ சுறா தீர்ப்பை நிறைவேற்றும் சேவகன் ஆகிவிடுகிறது. கடலில் ஒருவன் செத்தால் கரையில் ஒரு பெண் குற்றவாளி.

தகழி அந்த நம்பிக்கையை ஆதரிக்கிறாரா, அது மனிதர்களை என்ன செய்கிறது என்று காட்டுகிறாரா என்பது பழைய விவாதம். நம்பிக்கைக்கு எதிரான வாதங்கள் நாவலுக்குள்ளேயே இருக்கின்றன என்பதும் உண்மை. இருந்தாலும் கடைசி அத்தியாயத்தின் அமைப்பு, சந்திப்பையும் சுழலையும் ஒரே மூச்சில் வைக்கும் அந்த வெட்டு, நம்பிக்கையின் பக்கம்தான் சாய்கிறது. வாசகரின் உடம்பு அதை ஒத்துக்கொள்கிறது, மூளை பிறகுதான் மறுக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பாட்டு இந்த ஒரு விஷயத்தில் இருபதாம் நூற்றாண்டு நாவலைவிடத் தெளிவாக இருக்கிறது என்றுதான் சொல்வேன். கடலில் நடந்ததற்குக் கடலில் காரணம் தேடு, வீட்டுப் பெண்ணிடம் தேடாதே.

7

இப்போது கதை தலைகீழாகிவிட்டது. பெஞ்ச்லி பிற்காலத்தில் சுறாக்களைக் காப்பாற்றுவதற்காகப் பேசியும் எழுதியும் வந்தார். இனிமேல் அப்படியொரு நாவலை எழுதமாட்டேன் என்கிற மனநிலைக்கு வந்திருந்தார். 'நேச்சர்' இதழில் 2021-ல் வந்த ஆய்வு, 1970-லிருந்து ஆழ்கடல் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 71 சதவீதம் சரிந்திருப்பதாகச் சொன்னது. பட்டினப்பாலைப் பரதவர் போல வேளாவின் கொம்பு நட வேண்டுமென்றால் இன்று நம் கரையில் வேளா கிடைப்பதே அரிது. பாண்டிச்சேரியின் பெயரைத் தாங்கிய ஒரு சுறா இனம் உண்டு. அதை யாராவது பார்த்தார்களா என்று ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

2001 ஜூலையில் இந்திய அரசு சுறா, திருக்கை வகைகள் அனைத்தையும் பிடிக்கத் தடை விதித்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் பகுதி மீனவர்கள் தலைமுறைகளாக ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் தேர்ந்தவர்கள். ஒரு அறிவிப்பில் அவர்கள் தொழிலே குற்றமாகிவிட்டது. எதிர்ப்பு எழுந்தது. டிசம்பரில் தடை பத்து இனங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. 2015-ல் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

சுறாவைக் காக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காக்கிறவர்களின் பேச்சிலும் அதே கரைப்பார்வை வந்துவிடுகிறது. அப்போது சுறா வில்லன், குளிக்கிறவர் அப்பாவி. இப்போது சுறா அப்பாவி, பிடிக்கிறவர் வில்லன். துடுப்பு சூப்புக்கு விலை கொடுத்த தூரதேசத்து விருந்து மேசை இந்தக் கதையிலும் மேயர் மாதிரித் தப்பித்துவிடுகிறது. குழந்தை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊறட்டும் என்று பால்சுறா வாங்கிப் புட்டு செய்து கொடுக்கும் அம்மாக்கள் இங்கே இருக்கிறார்கள். எங்கள் மீன்காரர் பெட்டியிலும் அது வரும். உலகம் எதைக் கொலைகாரன் என்றதோ அதை நம் வீடுகள் தாய்ப்பாலோடு சேர்த்து நினைத்திருக்கின்றன. அந்தக் கைகளைத் தண்டிக்காமல் அந்த மீனைக் காக்கும் வழியை அந்தக் கைகளோடு பேசித்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஜெகதாப்பட்டினத்திலோ கோட்டைப்பட்டினத்திலோ கடலுக்குப் போகிற ஒருவரிடம் எதற்குப் பயம் என்று கேளுங்கள். புயல், டீசல் விலை, எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப் படகோடு கொண்டுபோவது என்று பட்டியல் போகும். அந்தப் பட்டியலில் சுறாவுக்கு எந்த இடம் கிடைக்கும் என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

8

எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் கோயில், குன்றைக் குடைந்து எடுத்த குடைவரை. முன்னால் சக்கரமும் குதிரையுமாகத் தேர் வடிவில் ஒரு நூற்றுக்கால் மண்டபம். பாறைக்குள் ஒரு அறையை உளியால் எடுக்க எத்தனை பேர் எத்தனை நாள் உட்கார்ந்தார்களோ. சுற்றுவட்டாரத்தில் இன்றும் பாறையை எடுக்கிறார்கள். இப்போது வெடி வைத்து, ஜல்லிக்கு. எடுத்து முடித்த இடத்தில் மிஞ்சுவது செங்குத்தான பள்ளம். மழை பெய்தால் நிறைந்துவிடும். கிணற்றுக்குப் படிக்கட்டு உண்டு, கம்மாய்க்குச் சரிவான கரை உண்டு. குவாரிக்கு இரண்டும் கிடையாது. ஒரு அடி எடுத்து வைத்தால் அடுத்த அடியில் தரை இல்லை. பக்கச்சுவரில் பிடிக்க ஒன்றும் இருக்காது. தண்ணி மட்டும் கண்ணாடி மாதிரி, நீலமாக, அவ்வளவு அழகாக இருக்கும்.

எங்களுக்கு அது நீச்சல் குளம். அவன் எங்களைவிட நன்றாக நீந்துவான். மத்தியானம் இறங்கியவனைச் சாயங்காலம் எடுத்தார்கள்.

'ஜாஸ்' படத்தில் அந்த அம்மா நடந்து வரும் காட்சியை இப்போது என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை. அவனுடைய அம்மா அன்றைக்கு எங்கள் எல்லோரையும் ஒருத்தர் விடாமல் பார்த்தார். நாங்கள்தான் கூட்டிக்கொண்டு போனோம் என்று நினைத்திருக்கலாம். எங்களையும் அடிக்கவில்லை. பள்ளத்தை வெட்டியவர் யார், வேலி போட வேண்டியவர் யார், மூட வேண்டியவர் யார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஊரில் பெரியவர்கள் அந்தத் தண்ணியில் ஏதோ இருக்கிறது, உச்சிவேளையில் இழுத்துவிட்டது என்றார்கள். அந்தப் பேச்சு கிளம்பியதும் மற்ற கேள்விகள் அடங்கிவிட்டன. அவரும் கடைசியில் அதைத்தான் நம்பினார் என்று நினைக்கிறேன்.

சுறா இல்லாத ஊரில் நாங்கள் ஒன்றைச் செய்துகொண்டோம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தப் பக்கம் நடந்தேன். ஒரு தகரப் பலகை சாய்ந்து கிடந்தது, எழுத்து துருவில் போய்விட்டிருந்தது. நாலைந்து பையன்கள் மேலே பாறையில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே இறங்காதீங்கடா, ஆழம் என்றேன். ஒருவன் எட்டிப்பார்த்துவிட்டுக் கேட்டான்.

"உள்ள என்னண்ணே இருக்கு?"

"ஒண்ணும் இல்லடா. தரையே இல்ல. அதான் சொல்றேன்."